செங்கிணறு கண்ட செம்மல் செல்வரத்தினம் ஐயாவுக்கு

நாரந்தனை பனையோலைக் கைப்பணிப் பயிற்சி நிலையத்தின் பொறுப்பாளராய் வீற்றிருந்து, இன்றைக்கு அக்கதிரையை விட்டு எழும் திரு. ஆ. செல்வரத்தினம் அவர்களுக்கு, நிலைய ஊழியர்கள் பெருமூச்சும் பேரன்பும் ஒருங்கே பொங்க வாசித்தளிக்கும் வாழ்த்து மடல்.

சரவணை பெற்றெடுத்த சான்றோரே! சாயத்துக்கொரு சரித்திரம் தந்த சாதனையாளரே! வெயிலிலும் மழையிலும் வெள்ளை வேட்டியின் கரை கலையாமல் சைக்கிள் மிதித்த வேந்தே! ஒரு சொல்லில் முடியும் சங்கதிக்கு ஓராயிரம் சொல் செலவிட்ட வள்ளலே! வணக்கம். இன்றைக்கு ஒரு நாளாவது தாங்கள் அமர்ந்திருக்க யாம் பேசுவோம். இடையில் எழும்பித் திருத்தம் சொல்ல வேண்டாம் என்று தாள் பணிந்து கேட்டுக்கொள்கிறோம். கழுத்தில் கனம் இருந்தால் எழும்ப மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் மாலையைச் சற்றுப் பாரமாகக் கட்டுவித்தோம்.

பெயர் சூட்டும் பேராற்றலே!

தாங்கள் பொறுப்பேற்று வந்த நாளில் இந்த நிலையத்துக்கு அரைவாசிக் கூரையும் கால்வாசிக் கதவுகளும் இருந்தன. மற்றவையெல்லாம் சண்டைக் காலத்தில் யார் யாருக்கோ தேவைப்பட்டுப் போயின. வேறொருவர் என்றால் மேலிடத்துக்கு நிலைமையை எழுதிவிட்டு, அடுத்த பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டுப் போயிருப்பார். தாங்கள் போகவில்லை. கூரையில்லாத அறைக்கு ‘வான்நோக்கு மண்டபம்’ என்று பெயரிட்டீர்கள்; பெயர் வந்துவிட்டதால் கூரை வரவேண்டிய அவசரம் போய்விட்டது. நிலையத்துச் சைக்கிள் ‘வாயுவேகன்’ ஆயிற்று. ரியூப்பில் காற்றில்லாத நாட்களிலும் அதற்கு அதுவே பெயர். தேத்தண்ணிக் கேத்திலுக்கு ‘அமுதகலசம்’ என்று பெயர். அதன் மூக்கு உடைந்ததை அறிவிக்க எங்கள் சிற்றூழியர் தம்பிஐயா வந்து, “ஐயா, அமுதகலசம் ஒழுகுது” என்று சொல்லி நின்ற கோலத்தை இந்த நிலையம் மறவாது.

இருந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீள்குடியேறிய வீடுகளில் கைகட்டி இருந்த பெண்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு, குருத்தோலை வார்ந்து, பெட்டியும் கடகமும் தட்டும் பின்னவைத்து, அவற்றைச் சந்தைக்கு ஏற்றியவர் தாங்களே. அதை மறுக்க நினைத்தாலும் எமக்கு வாய் வராது.

வண்ணம் வளர்த்த வாரிதியே!

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, வெளிநாட்டுச் சொந்தங்கள் கோயில் திருவிழாவுக்கும் தேவாலயப் பெருநாளுக்கும் வந்து இறங்கியபோது, வெறும் ஓலைப் பெட்டி அவர்கள் கண்ணில் நிற்காது என்று முதலில் கண்டவர் தாங்கள். “நிறம் அடிக்க வேணும், பிள்ளையள்! கனடாவில நிண்டு பாத்தாலும் தெரிய வேணும்!” என்று ஆணை பிறந்தது. அடித்தோம். மெஜந்தா, ஊதா, மஞ்சள் என்று தூள் தூளாக வந்து இறங்கியது. சாயக் கொட்டிலில் பெரிய அண்டாக்களில் அது கொதித்தது. ஓலை அதில் குளித்தது. சந்தையில் பெட்டிகள் பறந்தன.

அந்த அண்டாக்களுக்குப் பொறுப்பு மாக்கிறேற் அக்கா. நிலையத்தின் கிழக்கு வேலிக்கு அங்கால் அவர் வீடு; வேலியை ஒட்டி அவர் கிணறு. இடம்பெயர்ந்து போய்த் திரும்பிய வருடம், அவரும் கணவர் கிறிஸ்தோப்பரும் வீட்டுக்கு ஓடு போடுமுன்னம் கிணற்றைத்தான் இறைத்துச் சீராக்கினார்கள். அந்த ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். தேத்தண்ணி போட்டால் பால் திரைந்துபோகும். மாக்கிறேற் அக்காவின் கிணறு ஒன்றில்தான் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர். பின்னேரமானால் ஒழுங்கை முழுவதும் குடத்தோடு அங்கேதான் நிற்கும். ஊர்க்கதையும் அங்கேதான் நடக்கும்.

ஓலை குளித்த மிச்சச் சாயத்தை எங்கே ஊற்றுவது என்று அக்கா தங்களிடம் வந்து கேட்டார். “கொட்டிலுக்குப் பின்னால ஊத்தும், பிள்ளை. நிலமகள் தாங்குவாள்” என்று அருளினீர்கள். நிலமகள் தாங்கினாள்தான். தாங்கி, கீழே கிடக்கும் சுண்ணாம்புக் கல்லின் பொத்தல்களால் வடியவிட்டு, அப்படியே கொண்டுபோய் மாக்கிறேற் அக்காவின் கிணற்றில் ஒப்படைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அக்கா கணவருக்குச் சோறு போட்டார். கிறிஸ்தோப்பர் பீங்கானைப் பார்த்தார், பெண்சாதியைப் பார்த்தார்.

“என்னடியப்பா, சோத்துக்கு வெக்கம் வந்திட்டுதோ?”

சோறு மெல்லிய றோஸ் நிறமாய் அவிந்திருந்தது. அக்கா கைகூடக் கழுவாமல் கிணற்றடிக்கு ஓடினார். கறுத்த வாளியில் அள்ளிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைப் பீங்கானில் ஊற்றிப் பார்த்தார். தெரிந்தது. அந்த நிறத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழமை தவறாமல் தன் கையால் காய்ச்சித் தன் கையால் ஊற்றிய மெஜந்தா அது.

மறுநாள் காலை தங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஐயா, கிணறு சிவந்து போச்சு.”

“எவ்வளவு சிவப்பு?”

“சோறு றோஸ் நிறத்தில அவியுது ஐயா!”

“விருந்தாளியள் வந்தால் நல்ல எடுப்பாய் இருக்குமே, பிள்ளை.”

அக்கா ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போனார். அன்றைக்குச் சாய அடுப்பு எரியவில்லை. மாக்கிறேற் அக்கா பேசாமல் போனால் அடுத்து என்ன வரும் என்பது அவர் கணவருக்கும் எங்களுக்கும் தெரியும். தங்களுக்குத் தெரிய அந்தக் கிழமை முடிவாயிற்று: பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். தாங்கள் நீட்டிய அமுதகலசத்துத் தேத்தண்ணியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திரும்ப வைத்தார். “இந்தத் தண்ணி குடிக்கக் கூடாது. சாயம் நிலத்தில போறது நிக்க வேணும். வாற மாரி முடிய வந்து பாப்பன். நிக்காட்டிச் சாயக் கொட்டிலைப் பூட்டுவன்” என்றார். அதற்குத் தாங்கள் ஆற்றிய மறுமொழி முடியுமுன் அவர் மோட்டார் சைக்கிள் சந்தி தாண்டியிருந்தது.

ஐயா! தங்களுக்கு அது ஒரு நிருவாகப் பிரச்சினை. மாக்கிறேற் அக்காவுக்கோ, கொட்டிலைப் பூட்டினால் வேலை இல்லை; பூட்டாவிட்டால் கிணறு இல்லை. கிறிஸ்தோப்பர் கடலுக்குப் போகும் நாட்களைக் கடலும் காற்றும் மட்டும் தீர்மானித்த காலமா அது? காவலரணும் சேர்ந்தல்லவா தீர்மானித்தது. வீட்டில் நிச்சயமாய் வந்த சம்பளம் அக்காவுடையது ஒன்றுதான். குடங்கள் ஒழுங்கையை விட்டுப் போயின. தேவாலயத்துக்கு அங்கால் உள்ள கிணற்றிலிருந்து கிறிஸ்தோப்பர் பிளாஸ்ரிக் கான்களில் தண்ணீர் பிடித்துச் சைக்கிளில் கட்டி வந்தார். அக்கா ஒவ்வொரு நாளும் காலையில் வெள்ளைப் பீங்கானோடு தன் கிணற்றுக்குப் போய், பார்த்து, ஊற்றிவிட்டு வேலைக்கு வந்தார். வந்ததும் தங்கள் அறைக் கதவைச் சற்றுப் பலமாகச் சாத்துவார். காற்றென்று தாங்கள் நினைத்திருக்கலாம்.

கருத்தரங்கு சென்ற கலைக்கடலே!

யாழ்ப்பாணத்தில் நடந்த சூழல் கருத்தரங்குக்குத் தாங்கள் போனது மத்தியானச் சாப்பாட்டுக்காக என்று சிலர் சொல்வர். யாம் அப்படிச் சொல்லமாட்டோம். கோழிக்கறி என்று தாங்களே வந்து சொன்னீர்கள். ஆனால் சாப்பாட்டுக்கு முந்திய கடைசிப் பேச்சில், ஒருவர் ஊதாத் தண்ணீர் நிறைந்த கிளாசில், கடற்கரையில் பொறுக்கிக் காயவைத்த பழுப்புப் பாசியின் தூளைப் போட்டுக் கலக்கினாராம். சற்று நேரத்தில் தூள் ஊதாவாகி அடியில் கிடக்க, மேலே தண்ணீர் தெளிந்து நின்றதாம். பாசியின் உடம்பு சாயத்தை இழுத்துத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும் என்று விளக்கினாராம். மண்டபம் முழுவதும் பசியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, ஐயா, தாங்கள் ஒருவரே மாக்கிறேற் அக்காவின் கிணற்றை நினைத்தீர்கள். அந்த நினைப்புக்காகத் தங்களுக்கு ஒரு பொன்னாடை தகும். அதன்பிறகு செய்தவற்றுக்காக அந்தப் பொன்னாடையைப் பாதியில் கிழிக்கவும் தகும்.

மறுநாள் காலை வந்ததும் வராததுமாய், “தம்பிஐயா! உடன போய்ப் பேரல்கா கொண்டாரும்” என்று முழங்கினீர்கள். பெரிய இனப் பாசிக்குப் பாடப்புத்தகத்தில் பேரல்கா என்று பெயராம். தம்பிஐயா விளக்கம் கேட்கவில்லை. கேட்டால் தாங்கள் விளக்குவீர்கள் என்ற பயம். வாயுவேகனை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடிக்குப் போய், நின்றவர்களிடம் விசாரித்திருக்கிறார்.

“இஞ்சை ஒராளைத் தேடி வந்தனான். பேர் அல்கா. ஐயா கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

“அல்காவோ? வெள்ளைக்காரியோ?”

“தெரியேல்லை. பேர் மட்டுந்தான் சொன்னவர்.”

“தொண்டு நிறுவனத்து ஆக்களாய் இருக்கும். அவை போன கிழமையே வெளிக்கிட்டிட்டினம்.”

மத்தியானம் வியர்த்து வடிய வந்து நின்று, “ஐயா, அவ போன கிழமையே போயிட்டாவாம்” என்று தம்பிஐயா அறிவித்தபோது, வேலிக்கு அங்கால் வலை பொத்திக்கொண்டிருந்த கிறிஸ்தோப்பர்தான் எழும்பி வந்து, விசயம் என்னவென்று கேட்டு அறிந்தார்.

“உது சாதாளை ஐயா! எங்கட கரையில குவிஞ்சு கிடந்து நாறுது. எத்தினை மூட்டை வேணும்?”

தங்கள் முகம் சுருங்கியது. “சாதாளை எண்டு சொல்லாதையும், கிறிஸ்தோப்பர். அது தோட்டத்துக்குப் பசளை போடுறவை சொல்லுற பேர். இது விஞ்ஞானம்.”

அன்று முதல் நிலைய வளவுக்குள் சாதாளை என்ற சொல் தடைசெய்யப்பட்டது. கரையில் அது சாதாளை. படலை தாண்டினால் பேரல்கா. முதல் மூட்டையைக் காவலரணில் இறக்கி, கம்பியால் குத்திப் பார்த்து, மணந்தும் பார்த்துவிட்டுக் கையசைத்து விரைவாகப் போகச் சொன்ன சிப்பாய்க்கு மட்டும் அது எதுவாக இருந்ததோ தெரியாது.

பரிசோதனைப் புலியே!

நீலப் பிளாஸ்ரிக் பீப்பா ஒன்று வந்தது. அடியில் பைப், பைப்புக்கு மேலே கல்லும் மணலும், அதற்கு மேல், தாங்கள் மன்னிக்க வேண்டும், சாதாளை. மாக்கிறேற் அக்கா ஒரு வாளி மெஜந்தாவை மேலே ஊற்றினார். கீழே வந்த தண்ணீரில் சிவப்பு இல்லை. ஆனால் தேத்தண்ணி நிறம் இருந்தது. நாக்கில் வைத்த தம்பிஐயா துப்பியதில் உப்பும் இருந்தது தெரிந்தது.

“முன்னேற்றம்!” என்றீர்கள்.

“என்ன முன்னேற்றம் ஐயா? ஒரு சனியன் போய் மற்றச் சனியன் வந்திருக்கு” என்றார் அக்கா.

கழுவிப் போட்டால் உப்பும் பழுப்பும் போகும் என்று தாங்கள் கருத்தரங்குக் குறிப்பிலிருந்து சொன்னீர்கள். சரியான யோசனை. கழுவ நல்ல தண்ணீர் வேண்டும் என்பதும் சரி. அதற்காகக் கிறிஸ்தோப்பர் தேவாலயத்தடியிலிருந்து கட்டிவந்து வீட்டுக்கென்று வைத்திருந்த கானைத் தம்பிஐயாவை அனுப்பித் தூக்குவித்தீர்களே, அதை எதில் சேர்ப்பது? அக்கா வேலியைத் தாண்டி வந்த வேகத்தைக் கண்டவர்கள் இன்றைக்கும் அந்த வேலியை அடைக்கவில்லை.

“குடிக்கத் தண்ணி இல்லை, சாதாளைக்குத் தலைமுழுக்கோ!”

“பேரல்கா” என்று திருத்தினீர்கள். அந்த நேரத்திலும் திருத்தினீர்கள், ஐயா.

முடிவில் சித்திரை மாதத்து மழை வந்து அதை இலவசமாகக் கழுவித் தந்தது. கூரையில்லாத அறையில் பரப்பி வைத்தோம், அவ்வளவுதான். பிறகு புளித்த கள்ளின் காடியில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, உரலில் இடித்தோம். கள் கொஞ்சம் குறைந்திருந்ததைப் பற்றித் தம்பிஐயாவிடம் விசாரணை நடந்தது. ஆவியாகிப் போனது என்ற அவர் விளக்கத்தை விஞ்ஞான ரீதியாக ஏற்றுக்கொண்டீர்கள்.

திறப்பு விழா நாயகரே!

வேறு எவரென்றாலும் பீப்பாவில் இரண்டாம் வாளி ஊற்றிப் பார்த்திருப்பார். தாங்கள் அழைப்பிதழ் அடித்தீர்கள். பீப்பாவுக்குச் ‘சமுத்திர சஞ்சீவி வர்ண நிவாரணி’ என்று பலகை எழுதுவித்தீர்கள். மாலை சூட்டினீர்கள், சந்தனம் பூசினீர்கள், மங்களகரமாக இருக்கட்டும் என்று மூடியைத் திறந்து ஒரு கைப்பிடி குங்குமத்தை உள்ளேயும் இட்டீர்கள். சாயத்தை நீக்கும் பீப்பாவுக்குள் சாயம் போட்டுத் தொடக்கி வைத்த பெருமை இவ்வுலகில் தங்கள் ஒருவருக்கே உரியது. விருந்தினர்கள் பைப்பைத் திறக்க, செக்கச் செவேலென்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எது போக வேண்டும், எது வரவேண்டும் என்பது தங்கள் தலைமையுரையில் அவ்வளவு தெளிவாக விளங்கியிருந்தது.

மறுநாள் அக்கா குங்குமத்தையும் மாலையையும் கழுவித் தள்ளிவிட்டு, புதிய சாதாளை அடைத்து, கடும் ஊதா ஒரு வாளி ஊற்றினார். கீழே வந்ததை வெள்ளைப் பீங்கானில் பிடித்தார். வெயிலில் வைத்துப் பார்த்தார். நிழலில் வைத்துப் பார்த்தார். பீங்கானின் அடியில் இருந்த பூ தெரிந்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டதைத் தாங்கள் கண்டீர்கள். அந்த ஒரு தடவை ஒன்றும் பேசாமல் தங்கள் அறைக்குள் போய்விட்டீர்கள். மெஜந்தாவும் ஊதாவும் பீப்பாவோடு நின்றன. மஞ்சள் மட்டும் யார் சொன்னாலும் கேளாமல் தன்பாட்டில் வடிந்தது. குருத்தோலையே மஞ்சள்தானே என்று அந்தத் தூளைக் கைவிட்டோம்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இது மற்ற நிலையங்களில் வாசிக்கும் மடல்களைப் போல ஒன்றாய் இருந்திருக்கும். ஆனி போனது, ஆடி போனது. பீப்பாவிலிருந்து வருவது தெளிந்த தண்ணீர். மாக்கிறேற் அக்காவின் பீங்கானிலோ நாளுக்கு நாள் சிவப்புக் கூடியது. முன்னம் றோஸ், இப்போது நாவற்பழம் சப்பிய நாக்கின் நிறம்.

“பிள்ளை, நீர் பீப்பாவுக்கு ஊத்தாமல் வெளியில ஊத்துறீரோ?” என்று கேட்டீர்கள். ஐயா, இவ்வளவு காலச் சேவையில் தாங்கள் கேட்ட கேள்விகளில் சுருக்கமானதும் மோசமானதும் அதுதான்.

“என்ர கிணத்துக்கு நானே நஞ்சு வைப்பனோ? உங்கட பீப்பாதான் பொய்! பலகையும் பொய்! பேரும் பொய்!” கையில் இருந்த துடுப்புத் தடியை அண்டாவுக்குள் எறிந்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார். அன்றைக்கு மட்டுமல்ல, மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மாரி நெருங்கிக்கொண்டிருந்தது. மாரி முடிய மோட்டார் சைக்கிள் வரும்.

ஐப்பசியில் செபமாலை மாதா பெருநாளுக்கு வாசலில் வாழை கட்டவேண்டும் என்று கிறிஸ்தோப்பர் வந்து கேட்டார். நிலையத்தின் கிழக்கு வேலியோரம், தாங்கள் ‘சஞ்சீவி வனம்’ என்று பலகை நட்ட வாழைப் பாத்தி. வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் கிணறு. முதல் நாள் இரவு நல்ல மழை. கிறிஸ்தோப்பர் குட்டியோடு கிளப்ப மண்வெட்டியைப் போட்டார். கையை விட்டுக் கிழங்கைப் பிடித்தார். கையை வெளியில் எடுத்தார்.

கை முழங்கை மட்டும் சிவப்பு.

அவர் மண்வெட்டியை மெதுவாக வைத்துவிட்டு எழும்பிப் பின்னால் நகர்ந்தார். ஓடிவந்த நாங்களும் பாத்திக்குக் கிட்டப் போகவில்லை. இந்த மண்ணைக் கிண்டும்போது சிவப்பைக் கண்டால், ஐயா, இங்கே எவருக்கும் முதலில் சாயம் நினைவுக்கு வராது. தம்பிஐயா தொப்பியைக் கழற்றினார். யாரோ செபம் சொல்லத் தொடங்கினார்கள்.

கணவனின் முகத்தை வேலிக்கு மேலால் கண்டு வந்த மாக்கிறேற் அக்கா அவர் கையைப் பிடித்தார். விரலால் தொட்டுத் தேய்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“பயப்பிடாதேங்கோ. இது மெஜந்தா.”

பிறகு பாத்தியைப் பார்த்தார். அதில் அடி அடியாகப் புதைந்து கிடந்தது பீப்பாவில் இருந்து இறக்கிய பழைய சாதாளை. சாயம் குடித்துக் கறுத்த சாதாளை.

“ஆர் இதை இஞ்சை போட்டது?” என்று தாங்கள் உறுமினீர்கள்.

“நான்தான் போட்டனான்” என்றார் தம்பிஐயா, தொப்பியை இன்னும் கையில் வைத்தபடி. “சாதாளை எண்டால் வாழைக்குத்தானே ஐயா போடுறது?”

நிலையத்தில் இருந்த ஒருவர்கூட அதில் பிழை காணவில்லை. காண்பது எப்படி? எல்லோரும்தான் கடகத்தில் சுமந்து கொடுத்தோம். பீப்பாவுக்குள் போகும்போது தங்கள் ஆணைப்படி அதற்குப் பேரல்கா என்று பெயர். வேலை முடிந்து வெளியில் வந்ததும், ஒருவரும் சொல்லாமலே, அது மறுபடி சாதாளை ஆகிவிட்டது. சாதாளையை இந்தத் தீவில் பிறந்த ஒருவரும் எறியமாட்டார், மரத்தடியில் தாழ்ப்பார். தாழ்த்த இடத்தில் மழை பெய்தது. சுண்ணாம்பு மண் சேர்ந்தது. பீப்பாவில் இறுக்கிப் பிடித்த சாயத்தையெல்லாம் அது மண்ணுக்குள் மெல்ல மெல்லக் கைவிட்டது. முந்தி கொட்டிலின் பின்னால் போன சாயம் இப்போது கிணற்றுக்கு ஒரு வேலி தூரத்தில், கிழமைக்குக் கிழமை, பலகையும் நட்டு, பக்குவமாய்ப் புதைக்கப்பட்டிருந்தது.

மாக்கிறேற் அக்கா தம்பிஐயாவை ஏச வாயைத் திறந்தார். மூடினார். திரும்பித் தன் வளவைப் பார்த்தார். கிணற்றுக் கட்டை ஒட்டித் தளதளவென்று நின்றது அவர் தேசிமரம்.

“நானும் ரெண்டு கடகம் தேசிக்குப் போட்டனான்” என்றார்.

எல்லோரும் தங்கள் முகத்தைப் பார்த்தோம். நிலமகள், விஞ்ஞானம், கடமை உணர்ச்சி என்று ஓர் உரை வரப்போகிறது என்று காலை மாற்றி நின்றோம். தங்கள் கண்ணாடி பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னீர்கள்:

“கடகம் ஒண்டு தாரும்.”

அவ்வளவுதான். வெள்ளை வேட்டியோடு பாத்திக்குள் இறங்கினீர்கள். வாழைகளைக் கிறிஸ்தோப்பர் சரித்தார், சிவந்த மண்ணைத் தாங்கள் அள்ளினீர்கள், தம்பிஐயா சுமந்தார். “ஐயா, வேட்டி!” என்று அக்கா கத்தினார். “வேட்டி கிடக்கட்டும், நீர் மற்றக் காதைப் பிடியும்” என்றீர்கள். மழை மறுபடி பிடித்தது. ஒருவரும் ஒதுங்கவில்லை. பொழுதுபடும்போது வேட்டி கரை வேறு உடல் வேறு தெரியாமல் மெஜந்தாவாகி, முழங்காலோடு ஒட்டிக் கிடந்தது. சேலைதான் உடுத்தி வருகிறீர்களோ என்று தங்கள் வீட்டில் கேட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம்.

அள்ளிய மண்ணும் சாதாளையும் பழைய சீமெந்துத் தொட்டிக்குள் போய், மேலே தகரம் ஏறியது. தேசிமரத்தை அக்கா தன் கையாலேயே வெட்டினார். கிணற்றைப் பம்ப் வைத்து இறைத்தோம், ஊற இறைத்தோம், ஊற மறுபடி இறைத்தோம். இறைத்த தண்ணீரைப் பீப்பா வழியாக விட்டோம். அதில் பிடிபட்ட சாதாளையைத் தொட்டிக்குள் போட்டோம். தொட்டி நிறைந்துவிட்டது, ஐயா. அதை என்ன செய்வது என்று தாங்கள் இன்னமும் சொல்லவில்லை. எரிப்போமா, அடைப்போமா, இரண்டாம் தொட்டி கட்டுவோமா என்று கேட்ட ஒவ்வொரு முறையும் “யோசிப்பம்” என்றீர்கள். யோசித்து முடியாமலே ஓய்வு பெறுகிறீர்கள். வருகிற புதிய பொறுப்பாளருக்குத் தங்கள் பிரிவுப் பரிசு அந்தத் தொட்டிதான் போலும்.

மாரி முடிய, சொன்னபடியே, மோட்டார் சைக்கிள் வந்தது. அக்கா பீங்கானை நீட்டினார். பரிசோதகர் வெகுநேரம் பார்த்தார்.

“கொட்டில் ஓடட்டும். கிணறு இன்னும் கூடாது. மழை விழுந்து விழுந்து கழுவ வேணும். ஒரு மாரியோ, ரெண்டு மாரியோ, சொல்ல ஏலாது.”

அக்காவுக்கு வேலை மிஞ்சியது. கிணறு இன்னும் மிஞ்சவில்லை. பீங்கானில் பார்த்தால் இப்போது நிறம் இருக்கிறதா இல்லையா என்று வாக்குவாதப்படலாம். வாக்குவாதப்படும் மட்டும் குடிக்க முடியாது. கிறிஸ்தோப்பர் இன்னும் கான் கட்டுகிறார்.

ஓய்வை நோக்கும் உத்தமரே!

இனி வழக்கப்படி தங்களுக்குத் தீர்க்காயுசு கேட்க வேண்டிய இடம் வந்துவிட்டது. “தாங்கள் பல்லாண்டு வாழ்க” என்று எழுதிக் கையொப்பத்துக்கு மாக்கிறேற் அக்காவிடம் கொண்டுபோனபோது, அவர் பேனையை வாங்கவில்லை.

“பல்லாண்டு எண்டால் எவ்வளவு? ஆருக்குத் தெரியும்? ஒழுங்கா எழுதுங்கோ. கிணறு தெளியுமட்டும் ஐயா உயிரோட இருக்க வேணும். சும்மா இருந்தால் காணாது, சுகமாய் இருக்க வேணும், சைக்கிள் மிதிக்கத்தக்கதாய். தெளிஞ்ச அண்டைக்கு முதல் செம்பு அவர்தான் குடிக்க வேணும். குடிச்சிட்டு ஒரு பேச்சும் பேசக் கூடாது.”

ஆகவே, ஐயா, அவர் சொன்னபடியே வேண்டிக்கொள்கிறோம். சரவணைக்கும் நாரந்தனைக்கும் இடைப்பட்ட பள்ளம் படுகுழி எல்லாம் தாண்டத் தங்கள் முழங்கால்கள் உரம் பெறுக! இனிப்பு வருத்தமும் இரத்தக் கொதிப்பும் தங்களை எட்டிப் பாராதிருக்க! வருகிற மாரி கனத்துப் பெய்க. போதாவிட்டால் அடுத்ததும் பெய்க! மாக்கிறேற் அக்காவின் ஒழுங்கையில் குடங்கள் மறுபடி வரிசை கட்டுக! அந்த நாளில் தங்களைக் கூட்டிவரத் தம்பிஐயா வருவார். அதற்கு முன்னம் தங்களுக்கு யாதேனும் நேர்ந்தால், அக்கா அதை லீவாகக்கூட ஏற்றுக்கொள்ளமாட்டார்.

இங்ஙனம்,
பொறுத்தவர்களும் பொறுக்கமாட்டாதவர்களுமாகிய
நிலைய ஊழியர்கள்,
நாரந்தனை, ஆவணி 2004.

மாக்கிறேற் கிறிஸ்தோப்பர் (மேற்சொன்ன வாசகத்துக்கு மட்டும் கையொப்பம்)